இரண்டு கதவு தள்ளி

செம்பவாங்
3 பிப்ரவரி 2025

ஹஸீனாவுக்கு,

என் நம்பரை நீ ப்ளாக் செய்துவிட்டதால் தபாலில் எழுதுகிறேன். நீ இப்போது இருக்கும் உன் மகள் ருக்ஸானாவின் உட்லண்ட்ஸ் வீட்டுக்கு, அவள் குடிபோனபோது நானும் வந்திருந்தேன் அல்லவா, அதனால் முகவரி தெரியும். கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிவிட்டது. தபால்தலை எங்கே விற்கிறார்கள் என்பதையே இன்னொருவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

காதர் அண்ணன் எப்படி இருக்கிறார்? மருத்துவமனைக்கு இரண்டு முறை வந்தேன். முதல் முறை, மேலே ஏற்கனவே ஆள் இருக்கிறார்கள் என்று விடவில்லை. அடுத்த முறை உன் மகன் அன்வர் கீழேயே நின்றிருந்தான். "மேல வரவேணாம் ஆன்ட்டி. உம்மாவுக்கு டென்ஷன் ஆகும்லா" என்றான். கொண்டுவந்த பழத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.

எழுத வந்த விஷயம் வேறு. அன்று காலை அண்ணன் விழுந்து கிடந்ததை நம் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போட்டேன். அந்தப் படத்தையும் கீழே வந்த பதில்களையும் அப்படியே எடுத்து அன்வர் ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறான். என் பெயர் தெரிகிறது. பெயருக்குப் பக்கத்திலுள்ள வட்டப் படத்தில் என் முகமும் தெரிகிறது. "இந்த புளோக்கில் காமன் சென்ஸ் செத்துவிட்டது" என்று மேலே எழுதியிருக்கிறான்.

சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போயிருந்தேன். வழக்கமாகப் பூ வாங்கும் கடைக்காரப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, அந்த போஸ்ட்ல வந்தது நீங்கதானே?" என்று கேட்டாள். எந்த போஸ்ட் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கைபேசியை எடுத்துக் காட்டினாள். கீழே முன்பின் தெரியாத மனிதர்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றும் மூளையில்லாதவள் என்றும் எழுதியிருந்தார்கள். மகள் சிவானியின் அலுவலகத்திலும் பேச்சு வந்துவிட்டதாம். அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. யாரிடமோ போனில் அழுதுகொண்டு சொன்னபோது காதில் விழுந்தது.

அதை எடுத்துவிடச் சொல். உன்னிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை.

ரத்தினம்மா


உட்லண்ட்ஸ்
9 பிப்ரவரி 2025

ரத்தினம்மா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பெயரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

அவர் எப்படி இருக்கிறார் என்று சொல்கிறேன். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் கோணியிருக்கிறது. ஜாலான் புசாரில் பெட்டிக்கடை வைத்து, வருகிற சீனருக்கு ஹொக்கியன், மலாய்க்காரருக்கு மலாய், நம்மவருக்குத் தமிழ் என்று வாயாலேயே பிழைத்த மனிதர் அவர். இப்போது "ஆமா" என்ற ஒரு சொல்தான் வருகிறது. சாப்பிட்டீங்களா என்றாலும் ஆமா. வலிக்குதா என்றாலும் ஆமா. இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பேச்சைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்று காலை நடந்ததில் உங்களுக்குத் தெரிந்தது ஒரு பக்கம்தான். என் பக்கத்தையும் கேளுங்கள். புரோட்டா வாங்கி வருகிறேன் என்று அவர் கிளம்பினார். நான் அடுப்படியில் இருந்தேன். போன் உள்ளறையில் சார்ஜில் இருந்தது. வரும்போது முட்டையும் வாங்கி வரச் சொல்லலாம் என்று போய் எடுத்தேன். திரையில் அவர் படம். நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டையோடு சுவரில் சாய்ந்து, தலை தொங்கி, ஒரு செருப்பு இல்லாமல். கீழே ஒருவர் கும்பிடுகிற கை எமோஜி போட்டிருந்தார். ஒருவர் "குடிச்சிருக்காரா?" என்று கேட்டிருந்தார். தொழுகை தவறாத மனிதரைப் பார்த்து! இன்னொருவர் "தொடாதீங்க, பிறகு நம்ம மேல கேஸ் போடுவாங்க" என்று அறிவுரை சொல்லியிருந்தார்.

என் கணவர் விழுந்ததை என் வீட்டுக்குள் நின்று நான் போனில் பார்த்தேன் அக்கா. நம் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வீடு.

ஓடி வந்தேன். அவர் உங்கள் வாசலில் கிடந்தார். நீங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். என்னைப் பார்த்ததும் நீங்கள் சொன்ன முதல் சொல் ஞாபகம் இருக்கிறதா? "மெசேஜ் பார்த்தியா?"

ஆம்புலன்ஸுக்கு நான்தான் அழைத்தேன். அதுவரை யாரும் அழைக்கவில்லை.

அன்வர் போட்டதை எடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஏன் என் கதவைத் தட்டவில்லை என்று சொல்லுங்கள். பிறகு பார்க்கலாம்.

ஹஸீனா


செம்பவாங்
16 பிப்ரவரி 2025

ஹஸீனாவுக்கு,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். இதை எழுதி இரண்டு முறை கிழித்துப் போட்டேன்.

முதலில் ஆம்புலன்ஸ். குழுவில் ஒருவர் "கால் பண்ணியாச்சு" என்று போட்டிருந்தார். நான் நம்பினேன். அவர் அழைத்தது நகர மன்றத்துக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. மாடி நடைபாதையில் ஏதாவது கிடந்தால் அங்கேதான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாராம். இதைக் கேட்டு நீ சிரிக்க மாட்டாய், எனக்கும் சிரிப்பு வரவில்லை. நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார்கள். அன்று எல்லாம் மறந்துபோய், போனைப் பார்த்துக்கொண்டு யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

இனி கதவு.

என் வாசலில் இருந்த செடிகளை நீ மறந்திருக்க மாட்டாய். கறிவேப்பிலை, மல்லிகை, பாண்டான், ஒரு எலுமிச்சை. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் பேசிக்கொண்டிருந்தது அவற்றோடுதான். உன் வீட்டுத் தாளிப்புக்கெல்லாம் என் கறிவேப்பிலைதான் வந்தது. போன ஜூலையில் நகர மன்றத்திலிருந்து ஒருவர் வந்து, பாதையை அடைக்கிறது, புகார் வந்திருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார். கூடவே ஒரு படத்தைக் காட்டினார். அது உன் வீட்டுச் சன்னலிலிருந்து எடுத்தது. உன் சன்னல் கம்பியின் பூ வேலைப்பாடு ஓரத்தில் தெரிந்தது. அதை நான் தினமும் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அக்கா, வழியில இடிக்குது, கொஞ்சம் தள்ளி வைங்க" என்று. மறுநாளே எடுத்திருப்பேன்.

தீபாவளிக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் வந்தேன். உன் கதவில் புதிதாகக் கேமரா மணி. அழுத்தினேன். நீலமாக ஒரு விளக்கு சுற்றியது. உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. அதற்குள்ளிருந்து அன்வரின் குரல், ஜூரோங்கில் அவன் வீட்டிலிருந்து, "யெஸ், என்ன வேணும்?" என்று கேட்டது. முறுக்கு என்று சொல்ல வெட்கமாகிவிட்டது. வாசற்கம்பியில் பையை மாட்டிவிட்டு வந்தேன்.

அண்ணன் விழுந்த அன்று உன் கதவை நோக்கி நான் நடந்தேன். பாதி தூரத்தில் அந்த நீல விளக்கைப் பார்த்தேன். மறுபடியும் அந்தக் குரலுக்கு நான் யார், என்ன வேண்டும் என்று பதில் சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. திரும்பி வந்து குழுவில் போட்டேன். ஒரு மனிதர் கிடக்கும்போது எனக்கு அப்படித் தோன்றியது. உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஸ்ட்ரெச்சரை என் வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். தொட்டிகள் இருந்திருந்தால் அது நுழைந்திருக்காது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் தொட்டிகள் இருந்திருந்தால் அந்தக் காலை வேளையில் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெளியே நின்றிருப்பேன். அவர் தள்ளாடி வருவதைப் பார்த்திருப்பேன். எதை நினைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ரத்தினம்மா


உட்லண்ட்ஸ்
6 மார்ச் 2025

அக்காவுக்கு,

நோன்பு தொடங்கிவிட்டது. பள்ளிவாசல் கஞ்சி வாங்கி அவருக்குக் கரண்டியால் ஊட்டுகிறேன். அதனால் பதில் எழுதத் தாமதம். அது பொய். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

செடிகளைப் பற்றிப் புகார் செய்தது நானில்லை. அல்லாவின் மேல் ஆணை. நகர மன்றத்தில் ஏதோ சோதனை நடக்கிறது, எல்லா மாடியிலும் எடுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததற்குச் சிவானியின் கல்யாணப் பேச்சு நின்றுபோன வருத்தம் காரணமாக இருக்கும் என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன். வந்து கேட்கவில்லை.

அன்வரைக் கேட்டேன். "நான் இல்ல உம்மா. வாப்பாதான் கம்ப்ளெயின்ட் போடற அந்த ஆப் எப்படி யூஸ் பண்றதுன்னு என்கிட்ட கேட்டாங்க" என்றான்.

அவரிடம் போய் உட்கார்ந்தேன். "ரத்தினம்மா அக்கா செடியப் பத்தி நீங்களா கம்ப்ளெயின்ட் பண்ணீங்க?" என்றேன். "ஆமா" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் ஆமா சொல்கிறவர்தானே. "நீங்க பண்ணலதானே?" என்று மாற்றிக் கேட்டேன். "ஆமா" என்று சொல்ல வாயைத் திறந்தவர் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

எனக்கு இப்போதுதான் புரிகிறது. எதிர் புளோக்கில் நடைபாதையில் இருந்த செருப்பு அலமாரி தீப்பிடித்து ஒரு கிழவரை இறக்க முடியாமல் கஷ்டப்பட்டார்களே, அதைப் பார்த்துவிட்டு வந்து அவர் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பயந்திருக்கிறார். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்பட்டு, பெயர் தெரியாமல் சொல்ல ஒரு வழி இருக்கிறதே என்று அதில் சொல்லியிருக்கிறார். செய்தது சரியான காரியமாகக்கூட இருக்கலாம். ஆனால் தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்ட ஒருத்தியிடம் அப்படியா சொல்வது?

அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். செடி போனது வேறு. இவர் பேச்சு போனது வேறு. இரண்டையும் தட்டில் வைத்துப் பார்க்க என்னால் முடியாது.

அன்வரிடம் அந்த போஸ்ட்டை எடுக்கச் சொன்னேன். "அது அவேர்னஸ்மா. நாலு பேர் கத்துக்கணும்லா" என்கிறான். நான் சொல்லி அவன் கேட்கிற காலம் போய்விட்டது.

ஹஸீனா


செம்பவாங்
22 மார்ச் 2025

ஹஸீனாவுக்கு,

புகார் யார் செய்தது என்று தெரிந்ததும் மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அண்ணனைக் கேட்டு அழவைத்திருக்க வேண்டாம்.

அந்த போஸ்ட்டை யாரோ காகிதத்தில் அச்செடுத்து லிஃப்ட்டுக்குள் ஒட்டியிருந்தார்கள். சிவானி கிழித்துப் போட்டாள். நேற்று லிஃப்ட்டில் ஒரு பெண், என்னைப் பார்த்ததும் தன் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் என்ன செய்துவிடுவேன் என்று நினைத்தாளோ.

கீழே போவதில்லை. காய்கறியைச் சிவானி இணையத்தில் வரவழைக்கிறாள். கொண்டுவருகிறவர் வாசலில் வைத்துப் படம் எடுத்துவிட்டுப் போகிறார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அவருக்குத் தெரியாது.

இந்த வீட்டை விற்றுவிடலாம் என்று சிவானி சொல்கிறாள். பொங்கோலில் அவளுக்குப் புது வீடு தயாராகிவிட்டது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பெருநாள் வாழ்த்து.

ரத்தினம்மா


உட்லண்ட்ஸ்
4 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பெருநாளன்று நடந்ததை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

ருக்ஸானா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். ஜொகூரிலிருந்து என் தம்பி குடும்பம் காலையிலேயே பாலம் தாண்டி வந்துவிட்டது. அவருக்குப் புதுச் சட்டை போட்டு, சக்கர நாற்காலியில் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நெய்ச்சோற்றைக் குழைத்து முன்னால் வைத்துவிட்டு, குழம்பு எடுத்து வர உள்ளே போனேன். இடது கையால் அவரே சாப்பிடப் பழக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது அன்வர் கதையைத் தொடங்கியிருந்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டு, "பாருங்க மாமா, இந்த ஆன்ட்டி படம் எடுத்துட்டு நிக்கறாங்க. பாத்தீங்களா, இந்த கமெண்ட்ட படிங்க" என்கிறான். என் தம்பி, அவன் மனைவி, பிள்ளைகள், மருமகள் எல்லாரும் தலையைக் குனிந்து அந்தச் சின்னத் திரைக்குள் பார்த்துக்கொண்டு "ச்சே, மனுஷங்களா இவங்க" என்கிறார்கள்.

அவர்களுக்கு நடுவில் இவர் உட்கார்ந்திருக்கிறார். சோறு தொண்டையில் அடைத்துக்கொண்டிருக்கிறது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, இடது கையால் மேசையைப் பிறாண்டுகிறார். சத்தம் வரவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை அக்கா. அவருடைய படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

குழம்புச் சட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி முதுகில் தட்டினேன். ருக்ஸானா முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் வெளியே வந்தது. சட்டையெல்லாம் சோறு. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அன்வரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி பார்த்தார்.

அன்வர் போனைப் பிடித்தபடியே நின்றான். நான் கத்தவில்லை. "போட்டோ எடுக்கலையாப்பா?" என்று மட்டும் கேட்டேன். கேட்ட பிறகு, பெற்ற பிள்ளையை இப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. குளியலறைக்குள் போய் வெகுநேரம் அவன் வெளியே வரவில்லை. வந்ததும், "எடுத்துட்டேன்மா" என்றான்.

ஆனால் அவன் போஸ்ட்டை நீக்கியதால் என்ன? அதற்குள் வேறு யார் யாரோ எடுத்து அவரவர் பக்கத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது என்று அவனுக்கே தெரியவில்லை.

உங்களைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதினார்களே, அவர்களும் என் தம்பி குடும்பம் மாதிரி நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

வீட்டை விற்காதீர்கள். நாங்கள் திரும்பி வருவோம், இன்ஷா அல்லா.

ஹஸீனா


பொங்கோல்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள ஹஸீனா,

உன் கடிதம் வந்தபோது சிவானி வீட்டை விற்க முன்பணம் வாங்கிவிட்டாள். உனக்கு உடனே எழுதக் கை வரவில்லை. நீங்கள் திரும்பி வருவதற்குள் போய்விட வேண்டும் என்றுகூட ஒரு சமயம் நினைத்தேன். அண்ணனை அந்த நடைபாதையில் நேருக்கு நேர் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்த வீடு பதினான்காம் மாடியில். சன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிகிறது. யாருக்கும் என்னைத் தெரியாது, அது ஒரு நிம்மதி. இங்கேயும் ஒரு குழு இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை புளோக்கில் தீ எச்சரிக்கை மணி அடித்தது. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. குழுவில் எல்லாரும் "நிஜமா?" "டெஸ்ட்டிங்கா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்களாம், சிவானி சொன்னாள். நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் எங்கள் மாடியிலுள்ள கதவுகளையெல்லாம் கையால் அடித்துவிட்டுப் படியிறங்கினேன். இரண்டு வீட்டில் திறந்தார்கள். ஒருவர், "ஆன்ட்டி, ஃபால்ஸ் அலாரம்லா, ரிலாக்ஸ்" என்று மூடிக்கொண்டார். அவர் சொன்னது சரிதான். தீ இல்லை. மூட்டுவலியோடு லிஃப்ட்டில் திரும்பி வந்தேன். அடுத்த நாள் குழுவில், பதற்றத்தை உண்டாக்க வேண்டாம் என்று பொதுவாக ஓர் அறிவிப்புப் போட்டிருந்தார்கள். யாரைச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும்.

அண்ணனின் பேச்சு எப்படி இருக்கிறது? அவரிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கடிதத்தில் எழுத முடியவில்லை. எழுதிவிட்டால், நேரில் கேட்காமலே முடிந்ததாகிவிடும்.

ரத்தினம்மா


செம்பவாங்
23 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

வீட்டுக்கு வந்துவிட்டோம். அன்வர்தான் கொண்டுவந்து விட்டான். ஒவ்வொரு ஞாயிறும் வந்து அவரைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறான். போனை வாசலில் செருப்போடு வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.

உங்கள் வீட்டில் இப்போது ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள். வந்த மறுநாள் வட்டிலாப்பம் எடுத்துக்கொண்டு போனேன். மணியை அழுத்தியதும் உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் மட்டும் வந்தது. "ஆன்ட்டி, மீட்டிங்ல இருக்கேன். அங்கயே வச்சிடறீங்களா?" கனிவாகத்தான் சொன்னாள். வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் கிண்ணத்தைக் கழுவி என் வாசலில் வைத்திருந்தாள், நன்றி என்று ஒரு சீட்டோடு. நல்ல பெண். அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது.

அவருக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. தண்ணி, வேணாம், போதும், அன்வர். என் பெயர் இன்னும் வரவில்லை. தினமும் காலையில் சக்கர நாற்காலியில் நடைபாதையில் தள்ளிக்கொண்டு போகிறேன். உங்கள் வாசலுக்கு வந்ததும் இடது கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறார். மூடின கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் நாள், அவர் விழுந்த இடமாயிற்றே, பயப்படுகிறார் என்று நினைத்தேன். ஏதோ சொல்ல வாய் குழறியது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"தங்கச்சி எங்க?" என்றார்.

பொங்கோலுக்குப் போயிட்டாங்க என்றேன். ஆமா என்றார். மறுநாள் அதே இடத்தில் நிறுத்தி அதையே கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். சொன்னது மனத்தில் நிற்கவில்லையா, என் பதிலை அவர் ஏற்றுக்கொள்ளவில்லையா, தெரியவில்லை. வீடு விற்றாச்சு என்றும் சொல்லிப் பார்த்தேன். ஏன் என்று ஒரு சொல் கேட்டார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒருநாள் வந்து அவர் முன்னால் நில்லுங்கள் அக்கா. நீங்கள் கேட்க நினைத்ததைக் கேட்டாலும் சரி, கேட்காமல் போனாலும் சரி. தினமும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று உங்களுக்காக நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஹஸீனா